உங்கள் வீட்டுச் சேவல் நலமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, படிவம் 2-இல் படிக்கும் என் மாணவன் ஒருவன் தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து புலனத்தில் ஒரு காணொலி அனுப்பியிருந்தான். 20 விநாடிதான் ஓடியது. வீட்டின் பின்பக்கம், பப்பாளி மரத்தடியில், கறுப்பும் சிவப்பும் கலந்த கம்பத்துச் சேவல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரே வரி: “டீச்சர், இவனுக்கு உடம்பு சரியில்லையா, இல்லை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?”

நல்ல கேள்வி. ஆனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. “நீ என்ன பார்த்தாய்?” என்று திருப்பிக் கேட்டேன்.

“ரொம்பச் சோர்வா இருக்கான் டீச்சர்.”

“அது நீ பார்த்தது இல்லை, நீயாக எடுத்த முடிவு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதி அனுப்பு.”

கால் மணி நேரம் கழித்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “வாயைத் திறந்தே வைத்திருக்கிறான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டுகிறான். இடது கண் பாதி மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் முகம் வீங்கியிருக்கிறது. மூக்குத் துளையில் மண் ஒட்டியிருக்கிறது. கொண்டை நுனி கறுத்திருக்கிறது. நேற்றிலிருந்து கூவவில்லை. இப்போது மணி காலை 7.10.”

கடைசியாக எழுதிய அந்த 7.10-தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? உற்றறிதல் முதலில், ஊகித்தல் அதற்குப் பிறகு. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அந்த இரண்டு சொற்களின் வேறுபாடு எனக்கு உண்மையில் புரிந்தது வகுப்பறையில் அல்ல, கோழிக் கூண்டின் முன்னால்தான். அதற்கு நான் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை.

அப்போது எனக்கு 13 வயது. பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்து லயத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டியிடம் ஒரு சேவலும் 11 பெட்டைகளும் இருந்தன. ஒரு நாள் காலையில் பாட்டி, “என்ன இன்னிக்குச் சேவல் சத்தமே காணோம், போய்ப் பாத்துட்டு வா” என்றார். கையில் கொஞ்சம் அரிசியை எடுத்துக்கொண்டு போனேன். தூவினேன். சேவல் மெதுவாக வந்து கொத்தியது. “நல்லாத்தான் இருக்கு பாட்டி, சாப்பிடுது” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்தது. அடுத்த வாரத்துக்குள் 11 பெட்டைகளில் 2 மட்டுமே மிச்சம்.

அன்று அந்தச் சேவல் சாப்பிடவே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. நினைவில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அரிசியைக் கொத்தும், அலகில் எடுக்கும், கீழே போட்டுவிடும். நான் பார்த்தது கொத்தியதை. பாட்டியிடம் சொன்னது சாப்பிட்டதாக. அன்றே அதைப் பிரித்து வைத்திருந்தால் மற்றவை தப்பியிருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாள் நமக்குக் கிடைத்திருக்கும்.

நோயை மறைக்கும் பறவை

கொத்துவதுபோல் பாவனை செய்வது சேவலின் தந்திரம் அல்ல, அதன் உயிரைக் காக்கும் பழக்கம். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி இன்றும் நம் நாட்டுக் காடுகளில் வாழ்கிறது. பருந்துக்கும் காட்டுப்பூனைக்கும் மலைப்பாம்புக்கும் அது இரை. கூட்டத்தில் தளர்ந்து நிற்பதைத்தான் வேட்டை விலங்கு முதலில் குறிவைக்கும். சேவலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது தளர்ந்தது தெரிந்தால் அடுத்த நிலையில் இருக்கும் இளஞ்சேவல் உடனே சண்டைக்கு வந்துவிடும். ஆகவே முடிந்த வரையில் நிமிர்ந்து நிற்கும், கொத்தும், இறக்கையைத் தட்டும். நமக்குக் கண்ணில் படும் அளவுக்கு நோய் வெளியே தெரிகிறது என்றால், மறைக்கும் சக்தி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அதனால் நீங்கள் பார்க்கப் போகும் முறை முக்கியம். நேராகப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். ஆளைக் கண்டதும் எந்த நோயாளிச் சேவலும் சில நிமிடம் சுறுசுறுப்பாகிவிடும். சமையலறைச் சன்னல் வழியாகவோ தூரத்தில் உட்கார்ந்தோ 5 நிமிடம் பாருங்கள். கூண்டைத் திறந்தவுடன் முதலில் வெளியே வருவது யார், கடைசியில் வருவது யார்? மற்றவை மண்ணைக் கிளறும்போது தனியே மூலையில் நிற்பது எது? இறகுகளைச் சிலிர்த்து, பந்துபோல் உருண்டு, கண்ணை மூடி மூடித் திறக்கிறதா? இறகுகளுக்கு இடையே காற்றை அடைத்து வைத்தால் உடல் வெப்பம் வெளியேறாது. காய்ச்சல் கண்ட நாம் போர்வையை இழுத்துப் போர்த்துவதும் இதுவும் ஒன்றுதான். காலைக் குளிரில் சற்று நேரம் சிலிர்த்து நிற்பது வேறு. வெயில் ஏறிய பிறகும் அப்படியே நிற்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரவிலும் ஒருமுறை போய்க் கேளுங்கள். ஆம், பார்க்க அல்ல, கேட்க. எல்லாம் அடங்கிக் கொம்பில் அமர்ந்திருக்கும் நேரத்தில் நலமான கோழியின் மூச்சு கேட்கவே கேட்காது. கரகரப்பு, தும்மல், தண்ணீருக்குள் குமிழி விடுவது போன்ற சத்தம் ஆகியவை பகலின் இரைச்சலில் தப்பிவிடும். இரவில் தப்பாது.

கூவாத சேவலைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் வந்தவுடன் சேவல் கூவுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் சேவல்களை நாள் முழுவதும் மங்கிய ஒளியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை விடியும் நேரத்துக்குச் சற்று முன்பே கூவின. உடலுக்குள் இருக்கும் கடிகாரம்தான் அதைக் கூவ வைக்கிறது. எனவே நாள் தவறாமல் கூவிய சேவல் ஒரு காலையில் மௌனமானால் காரணம் தேட வேண்டியதுதான். ஆனால் காரணம் எப்போதும் நோயாக இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும் காலத்தில் சேவல் அதிகம் கூவாது, கொண்டையும் சற்று வெளிறும், பார்க்கவும் பரிதாபமாக இருக்கும். புதிதாக ஒரு பெரிய சேவல் வந்து தலைமையைப் பிடித்துக்கொண்டாலும் பழையது அடங்கிப்போகும். ஓர் அறிகுறியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கொண்டை சொல்லும் செய்தி

கொண்டை ஏன் சிவப்பாக இருக்கிறது? மெல்லிய தோலுக்கு அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடலின் சூட்டை வெளியேற்றக் கொண்டையும் தாடியும் உதவுகின்றன. உடலின் உள்ளே ஓடும் இரத்தத்தை வெளியிலிருந்தே பார்க்கக் கிடைத்த சன்னல் என்று அதைச் சொல்லலாம்.

சேவலின் கொண்டை இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் கண்டறிந்த கதை சுவையானது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்ற அறிஞர் 6 இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். விதைகளை நீக்கியபோது கொண்டை வளரவில்லை, கூவலும் இல்லை, சண்டையும் இல்லை. சிலவற்றுக்கு ஒரு விதையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பொருத்தினார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும் அவை கொண்டை வளர்த்தன, கூவின, சண்டையிட்டன. ஏதோ ஒரு பொருள் இரத்தம் வழியாகப் பயணம் செய்து உடல் முழுவதையும் மாற்றுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஹார்மோன் என்ற சொல் பிறந்ததோ 1905-இல்தான்! படிவம் 4-இல் நீங்கள் உடல் ஒருங்கிணைப்பைப் படிக்கும்போது இந்த ஆறு சேவல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறத்தைப் பாருங்கள். வெளிறிப்போன கொண்டை இரத்தச் சோகையைக் காட்டலாம். அப்போது மருந்தைத் தேடும் முன்பு ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு இரவில் கூண்டுக்குப் போங்கள். சிவப்புச் செள்ளு பகலில் மரப்பலகை இடுக்குகளில் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் எத்தனை முறை சேவலைத் தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குடற்புழுவும் சோகைக்குக் காரணமாகலாம்.

நுனி நீலம் அல்லது கருஞ்சிவப்பானால் நிலைமை வேறு. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும், குறைந்தால் கருத்துப்போகும். நுரையீரலோ இதயமோ தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். இதைக் காயத்தின் கறுப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சண்டையில் கொத்துப்பட்ட இடத்தில் காய்ந்த பொருக்கு இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். கொண்டையிலும் முகத்திலும் மருபோல் சிறு கொப்புளங்கள் தோன்றிப் பொருக்காகிக்கொண்டே போனால் அது கோழியம்மையாக இருக்கலாம். அதைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டைச் சுற்றித் தேங்கிய நீர் டிங்கியை மட்டும்தான் கொண்டுவரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மணி 7.10

இப்போது அந்த நேரக் குறிப்புக்கு வருவோம். கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். நமக்கு அது கடுங்காய்ச்சல், அதற்கு இயல்பு. பிற்பகலில் வெயில் 33 பாகையைத் தொடும்போது, வியர்க்க வழியில்லாத கோழி வாயைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி, வேகவேகமாக இளைக்கும். தொண்டையின் ஈரம் ஆவியாகும்போது சூடும் கூடவே போகும். இது நோயன்று, குளிர்சாதனம். அந்தக் காணொலி பிற்பகல் 2 மணிக்கு எடுக்கப்பட்டிருந்தால், “நிழலில் தண்ணீர் வை, மாலையில் மறுபடி பார்” என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் காலை 7.10-க்கு இரவின் குளிர்ச்சி இன்னும் போயிருக்காது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு விடும் சேவலுக்கு மூக்கு வழியாகக் காற்று போகவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டுவது காற்றுப் பாதையை நேராக்கும் முயற்சி. ஒரே அறிகுறி, நேரம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. அதனால்தான் ஆய்வுக் குறிப்பில் நேரம் எழுதச் சொல்லி உங்கள் ஆசிரியர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

கோழியின் மூச்சைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் அதற்கு இல்லை. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்து, உடலெங்கும் பரவிய காற்றுப் பைகளைத் துருத்திபோல் இயக்கித்தான் மூச்சு விடுகிறது. ஆகவே சேவலைத் தூக்கும்போது மார்பை இறுக அணைக்கக் கூடாது. அன்பாகக் கட்டிப்பிடித்தே மூச்சு முட்ட வைத்துவிடலாம். இறக்கைகளை உடலோடு சேர்த்துப் பிடியுங்கள், மார்பைத் தாங்குங்கள், அழுத்தாதீர்கள்.

தூக்கியதும் கை செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலாவது, மார்பின் நடுவில் ஓடும் எலும்பைத் தடவிப் பார்ப்பது. இரு பக்கமும் சதை நிறைந்திருக்க வேண்டும். கத்தி முனைபோல் எலும்பு துருத்தினால் பல நாளாக மெலிந்துகொண்டிருக்கிறது. இறகு அதை மறைத்துவிடும், கை மறக்காது. இரண்டாவது, கழுத்தடியில் உள்ள தீனிப்பை. இரவு நிறைந்திருந்தாலும் காலைக்குள் அது காலியாகிவிடும். விடிந்த பிறகும் பந்துபோல் கெட்டியாக இருந்தால் அடைப்பு, தண்ணீர்ப் பைபோல் தளதளத்துப் புளித்த வாடை வீசினால் உள்ளே நொதித்துவிட்டது. நீளமான புல், நைலான் நூல், நெகிழித் துண்டு இவற்றை விழுங்கி அடைத்துக்கொள்வது வீட்டுக் கோழிகளில் சகஜம்.

எச்சத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்

மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். நலமான எச்சம் பழுப்பாக, ஓரளவு கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கி நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. தண்ணீரை வீணாக்காமல் யூரிக் அமிலமாக, பசைபோல் வெளியேற்றுகிறது. முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கும் இந்த ஏற்பாடே வசதி.

இடையிடையே கடுகு நிறத்திலோ கரும்பழுப்பிலோ பிசுபிசுப்பாக, மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடையுடன் ஓர் எச்சம் வரும். புதிதாகக் கோழி வளர்ப்போர் வயிற்றுப்போக்கு என்று பதறுவார்கள். அது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள இரண்டு குடல்வால் பைகளிலிருந்து வருவது. இயல்பானதே. சில எச்சங்களுக்கு ஒன்று இப்படி வந்தால் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மூன்று. இரத்தம் கலந்து வந்தால், அதிலும் இளங்கோழிகளுக்கு வந்தால், எய்மேரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். ஈரமான, சூடான தரையில் அதன் முட்டை போன்ற கூடுகள் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். நம் நாட்டு மழைக்காலம் அதற்கு விருந்து. கூண்டுத் தரையைக் காய வைப்பதே பாதி மருத்துவம். அடர்பச்சையாக வந்தால், தின்னாமல் பித்தநீர் மட்டும் குடலில் இறங்குகிறது. நிறையப் புல் மேய்ந்தாலும் பச்சையாகும், எனவே தீனிப்பையையும் சேர்த்துத் தடவிப் பாருங்கள். அந்த விடுமுறையில் நான் தடவியிருந்தால் காலிப் பைதான் கையில் பட்டிருக்கும். மூன்றாவது, வால் அடி இறகுகளில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பது.

கால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கனமான சேவல் உயரமான கொம்பிலிருந்து குதித்துக் குதித்துப் பாதத்தில் புண்ணாகி, பாக்டீரியா புகுந்து, நடுவில் கறுப்புப் பொருக்குடன் வீங்குவது உண்டு. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் செதிலுக்கு அடியில் நுண்செள்ளு குடியிருக்கிறது. பாதமும் செதிலும் நன்றாக இருந்தும் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. ஹங்கேரிய மருத்துவர் யோசெப் மாரெக் 1907-இல் இப்படி முடங்கிய 4 சேவல்களைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். வைரஸால் நரம்பில் கட்டிகள் உண்டாகும் நோய் அது. அதற்கு வந்த தடுப்பூசி, புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று.

ஆனால் கால் தளர்ச்சி எல்லாமே கிருமியால் வருவதில்லை. 1890-களில் ஜாவாவில், இன்றைய ஜக்கார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வகக் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. கிருமியைத் தேடித் தேடி ஓய்ந்தார். பிறகுதான் தெரிந்தது, அவை மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. தவிடு நீங்காத அரிசிக்கு மாறியதும் தேறின. நாம் இன்று வைட்டமின் பி1 என்று படிப்பதன் கதை அங்கே தொடங்கியது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மிச்சச் சோற்றை மட்டுமே போட்டுக் கோழி வளர்க்கும் வீடுகள் கொஞ்சம் தீவனமும் சேர்த்துப் போடலாம்.

கழுத்து திருகிய சேவல்

தலை ஒரு பக்கமாகத் திருகி, வானத்தைப் பார்த்தபடி தள்ளாடும் கோழியை நீங்கள் பார்த்திருக்கலாம். கூடவே பச்சைக் கழிச்சலும் மூச்சுத் திணறலும் இருந்தால் நியூகாசல் நோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசல் வட்டாரத்திலும் அதே காலத்தில் ஜாவாவிலும் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இமயமலை அடிவார ஊரான ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் தமிழ்நாட்டில் ராணிக்கெட் நோய், வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்பார்கள். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் புகுந்தால் ஏறக்குறைய முழுக் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போகக்கூடியது.

இதில் நம் நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் ஒரு பக்கம் உண்டு, பாடப்புத்தகத்தில் அதிகம் வருவதில்லை. தடுப்பு மருந்து இருந்தது, ஆனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கம்பத்துக் கோழியோ மரத்தில் தூங்கும், கையில் சிக்காது. குயின்ஸ்லாந்தில் 1960-களில் கண்டெடுக்கப்பட்ட, நோய் உண்டாக்காத வி4 என்ற வைரஸ் வகையிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் மருந்தை உருவாக்கி, அதைத் தீவனத்தில் பூசிக் கொடுக்கும் முறையை 1980-களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தார்கள். இன்றைய யூபிஎம்தான் அது. அய்னி இடெரிஸ், லத்திஃப் இப்ராஹிம் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து உழைத்தார்கள். கோழியைப் பிடிக்க வேண்டாம், கோழியே வந்து மருந்தைத் தின்னட்டும் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பெருமை ஒருபுறம் இருக்க, உங்கள் வீட்டுக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்று இன்று இரவே பெற்றோரிடம் கேளுங்கள்.

கண்டுபிடித்த பிறகு

என் பாட்டி வீட்டுக் கதையில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோழிகள் வாட ஆரம்பித்ததும், வீணாகப் போகிறதே என்று பாட்டி நான்கைந்தை அறுத்துச் சமைத்தார். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இன்று அப்படிச் செய்யவே கூடாது.

2004 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலம் தும்பாட்டில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. கடத்தி வரப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. 2017-இல் கிளந்தானில் மறுபடியும் வந்தது. பறவையிலிருந்து மனிதருக்குத் தொற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. தொற்றும் பெரும்பாலும் நோயுற்ற பறவையைத் தொடும்போதும், அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும்தான் நடக்கிறது. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறும் சேவலுக்கு வந்திருப்பது சாதாரணச் சளியா, நியூகாசலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவரும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பித்தான் சொல்வார். உற்றறிதலுக்கு எல்லை உண்டு.

எனவே நோயுற்றதைத் தனியே பிரித்து வைக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். நிழல், தண்ணீர், தீவனம் தனியாக. நலமான கோழிகளைக் கவனித்த பிறகே நோயாளியிடம் போக வேண்டும், கூண்டுக்கென்று ஒரு காலணி வைத்துக்கொள்ள வேண்டும், திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விற்கவோ கொடுக்கவோ அறுக்கவோ கூடாது. செத்ததைச் சாக்கடையிலோ ஆற்றிலோ வீசக் கூடாது. முகவீக்கம், நீலக் கொண்டை, கழுத்துத் திருகல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், ஓரிரு நாளில் ஒன்றுக்கு மேல் செத்தாலும், மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு முதலில் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். சேவலைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விடாதீர்கள். போகும் வழியெல்லாம் கிருமியைத் தூவிக்கொண்டு போவீர்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவாக இருந்தாலும் அரைகுறை அளவில் கொடுத்தால் தாக்குப்பிடித்தவை பெருகும். முட்டை வழியே அந்த மருந்து உங்கள் தட்டுக்கும் வரும்.

அந்த மாணவனின் அப்பா அன்றே அழைத்துச் சொன்னார். அலுவலர்கள் சேவலின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை, வீட்டில் இருந்த 6 பெட்டைகளின் பக்கம் யாரும் போகாமல் அவன் அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காவல் காத்தாராம். பறவைக் காய்ச்சல் இல்லை, நியூகாசலும் இல்லை. கொரைசா என்ற பாக்டீரியாச் சளி. மூக்கொழுகலில் மண் ஒட்டிக்கொள்வதும், ஒரு பக்க முகம் வீங்குவதும், நெருங்கினால் துர்நாற்றம் வீசுவதும் அதில் வழக்கம். மனிதருக்குத் தொற்றாது. கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. கொரைசாவிலிருந்து தேறிய கோழி வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கலாம். தீபாவளிக்குச் சித்தப்பா தருவதாகச் சொல்லியிருந்த 4 இளம் பெட்டைகளை இனி அந்தக் கூண்டில் விட முடியாது. “அப்போ இவனை என்ன டீச்சர் செய்றது?” என்று கேட்டான். இரண்டு வழிதான் இருந்தது. சேவலையும் அதனோடு பழகிய ஆறு பெட்டைகளையும் கழித்துவிட்டு, கூண்டைக் கழுவிக் காயவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அல்லது இந்தக் கூட்டத்தைப் பூட்டிய கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். புதியது உள்ளே வராது, இருப்பது வெளியே போகாது, எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. பெரிய பண்ணைக்காரர் முதல் வழியைத்தான் எடுப்பார், அவர் எடுப்பதும் நியாயமே. இவர்கள் வீட்டில் ஓர் இரவு முழுவதும் பேசி இரண்டாவதை எடுத்தார்கள். சித்தப்பாவின் பெட்டைகள் வேறு வீட்டுக்குப் போயின.

இப்போது அவனிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் வாளியை வைத்து, வாளிக்குள் சேவலை வைத்து எடை பார்க்கிறான். சென்ற வாரம் அனுப்பிய குறிப்பு: “மணி காலை 5.40. மூன்று முறை கூவினான். மூன்றாவது கொஞ்சம் கரகரப்பு. மூக்கு சுத்தம். தீனிப்பை காலி. எடை 2.3 கிலோ. வாளியை உதைத்தான்.”